எதிரியின் வளையில் வளரும் தும்பி

மரகதப் பச்சையில் பெரிய கண்கள், உலோகம்போல் மினுங்கும் உடல், மார்பின் பக்கவாட்டில் மஞ்சள் கோடுகள். ஹைன் மரகதத் தும்பி பறப்பதைப் பார்ப்பவர்கள் அதன் ஆயுளின் கடைசிச் சில வாரங்களைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன் நான்கைந்து ஆண்டுகள் அது இறக்கையற்ற பழுப்பு இளவுயிரியாகச் சேற்று நீரில் கிடந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஒகையோவில் கண்டறியப்பட்டு 1931இல் அறிவியல் பெயர் பெற்ற இனம் இது. ஒகையோவில் இப்போது இல்லை. அடியோடு அற்றுப்போனதாகவே கருதப்பட்டு, 1980களின் இறுதியில் விஸ்கான்சினிலும் இல்லினாயிலும் மறுபடி தென்பட்டது. 1995இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அமெரிக்க அரசு அறிவித்தது.

அது வாழும் நிலமே அபூர்வமானது. மெல்லிய மண்ணுக்கு அடியில் டோலமைட் பாறை. அதிலிருந்து கசியும் குளிர்ந்த, சுண்ணாம்புச் சத்துள்ள நிலத்தடி நீர் கோரைகளுக்கிடையே சில அங்குல ஆழத்தில் நகர்கிறது. கோடை முற்றினால் அதுவும் வற்றிவிடும். அப்படியானால் நான்கைந்து ஆண்டு நீரில் வளரவேண்டிய இளவுயிரி எப்படித் தப்புகிறது?

கிரேஃபிஷ் தோண்டிய வளைக்குள் இறங்கிவிடுகிறது. சிங்கி இறாலின் சிறிய நன்னீர் உறவான இந்தக் கிரேஃபிஷ், நிலத்தடி நீரைத் தொடும் வரை குழி பறிக்கும். மேலே சேறு வெடித்துக் கிடக்கும்போதும் வளையின் அடியில் நீர் இருக்கும். உறைபனிக் காலத்துக்கும் அதுதான் புகலிடம். வியப்பு என்னவென்றால், கிரேஃபிஷ் இந்த இளவுயிரியைப் பிடித்துத் தின்னக்கூடியது! சிலவற்றைத் தின்றாலும், வளையால் பிழைப்பவை அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தும்பியைக் காக்க நினைப்பவர்கள் அதைத் தின்னும் பிராணியையும் சேர்த்தே காக்கவேண்டியிருக்கிறது.

அந்த வளையோ நிலத்தடி நீரை நம்பியிருக்கிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத சேதத்தையே பெரிய ஆபத்தாக நான் எண்ணுகிறேன். குவாரிக்குள் ஊறும் நீரை இறைத்தாலும், ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டாலும், மழைநீர் இறங்கும் மேட்டுநிலத்தைக் கான்கிரீட்டால் மூடினாலும் ஊற்று தளர்ந்து வளை காய்கிறது. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு அதே ஊற்றில் கலக்கிறது. வாகனங்களிலும் ரயில்களிலும் அடிபட்டுச் சாகும் தும்பிகள் வேறு.

சாலைக்காவது ஒரு வழி கண்டார்கள். சிகாகோவுக்கு அருகே டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2007இல் திறந்த நெடுஞ்சாலைப் பாலத்தை, தும்பிகள் அடியில் பறந்து செல்லும்படி உயர்த்திக் கட்டினார்கள். இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நிலத்தடி நீருக்கு மேல் பாலம் கட்ட முடியாது.

இப்போது முட்டைகளைச் சேகரித்து, இளவுயிரிகளை ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்காக வளர்த்துச் சதுப்பில் விடும் முயற்சியும் நடக்கிறது. விடும் இடத்தில் வளைகள் இருக்கவேண்டும். ஆகஸ்டிலும் அவற்றின் அடியில் நீர் நிற்கவேண்டும்.