ஒரு டஜன் பொலோரிக்கு 60 கிராம் புளிச் சட்னி

டிரினிடாட் தெருவோரக் கடையில் பொலோரி வாங்கினால், காகிதப் பைக்குள்ளேயே புளிச் சட்னியை ஊற்றித் தருவார்கள். பட்டாணிப் பருப்பு மாவும் மைதாவும் மஞ்சளும் சேர்த்துக் கரைத்து, கையால் கிள்ளி எண்ணெயில் விட்டு எடுக்கும் உருண்டை அது. வெறும் உருண்டைக்குப் பெரிய ருசி கிடையாது. ஆள் திரும்பி வருவது சட்னிக்காகத்தான்.

கணக்கில் முதலில் ஏமாற்றுவது புளியின் எடை. ஓட்டோடு வாங்கும் புளியம்பழத்தில் சதை 30 முதல் 50 சதவீதம் வரைதான். நடுவில் 40 என்று வைத்தால், அரைக் கிலோ பழத்தில் 200 கிராம் சதை கிடைக்கும். கொட்டை ஒரு 175 கிராம், ஓடும் நாரும் 125 கிராம். அதாவது பழம் கிலோ 100 என்றால் சதை கிலோ 250 ஆகிறது. ஓடு நீக்கிக் கொட்டையோடு விற்கும் புளிக்கு 133 வரை கொடுக்கலாம், கொட்டையும் எடுத்ததற்கு 250 வரை. அதற்கு மேல் கேட்பது உரித்த கூலி. கொட்டை எடுத்துக் கை நொந்தவர்கள் அந்தக் கூலியைக் குறை சொல்லமாட்டார்கள்.

இந்த 200 கிராம் சதைக்கு 600 மில்லி தண்ணீர். முதலில் 400 விட்டுப் பிசைந்து வடிகட்ட வேண்டும். சக்கையில் மீதி 200-ஐ விட்டு இன்னொரு முறை பிழிய வேண்டும். இந்த இரண்டாம் பிழிவைச் சோம்பலில் விட்டால் காசு சக்கையோடு போகும். பிறகு 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, 10 கிராம் உப்பு, 4 பல் பூண்டு, பாதி ஸ்காட்ச் பானெட் மிளகாய், வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி. கொத்தமல்லி மணமுள்ள பந்தானியா இலை 5, அடுப்பை அணைத்த பின். புளிப்பு கடுமை என்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர் போதும். சக்கையும் ஆவியும் போக மிஞ்சுவது சுமார் 700 கிராம். ஓர் உருண்டைக்கு 5 கிராம் வீதம் 140 உருண்டை. டஜன் பொட்டலமாகக் கட்டினால் 11 போக, 40 கிராம் மிச்சம்.

காசுக்கு வருவோம். கடைக்குக் கடை விலை மாறும் என்பதால், கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட டிரினிடாட் டாலர் எண்கள் இவை: புளி 10, பந்தானியா 3, சர்க்கரை 2, மிளகாய் 1.50, பூண்டு 1, எரிவாயு 1, உப்பும் சீரகமும் 0.50. மொத்தம் 19 டாலர், பொட்டலத்துக்கு 1.63. பாதிக்கு மேல் புளிதான். கொல்லையில் மரம் இருந்தால் மொத்தம் 9, பொட்டலத்துக்கு 77 காசு. வியாபாரிக்கு லாபம் தருவது கைமணத்தைவிட அந்த மரம்.

சர்க்கரை 2 டாலர்தான் என்றாலும் அதற்குப் பின்னால் நீண்ட கணக்கு இருக்கிறது. 1845 முதல் 1917 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குப் போனது கரும்புக்காகத்தான். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. பொலோரி அவர்கள் வழி வந்த பண்டம். 2003-இல் அரசின் கரோனி கரும்பு நிறுவனம் ஏறத்தாழ 9,000 தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. இன்று சட்னியில் விழும் சர்க்கரை இறக்குமதிச் சரக்கு.

உடம்புக் கணக்கும் உண்டு. 60 கிராம் சட்னியில் நாம் சேர்த்த சர்க்கரை மட்டும் 13 கிராம், கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அதில் பாதி இங்கேயே தீர்கிறது. சர்க்கரையை 100 கிராமாகக் குறைத்தால் பொட்டலத்துக்கு 9 கிராம் அளவில் நிற்கும், புளிப்பு தூக்கலாக இருக்கும். எனக்கு அந்தச் சட்னிதான் பிடிக்கும். விற்பதற்கென்றால் 150-ஐக் குறைக்காதீர்கள்.