ஒரே கேசட்டில் ரெண்டு படம்... லாபமா, நஷ்டமா?

ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். 80, 90களில் விருதுநகர், சிவகாசி பக்கம் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

கணக்கு எளிது. 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். ஐந்து பாட்டுள்ள படம் அதில் அடங்கிவிடும். ஒரு கேசட் காசில் ரெண்டு படம்!

மேல்நாட்டு ராக் இசையிலும் இதே கதைதான். அமெரிக்காவின் 'பீச் பாய்ஸ்' குழுவின் 60களின் ஆல்பங்கள் பல, அரை மணி நேரம்கூட ஓடாதவை. சிடியிலோ 74 நிமிடம் பதியலாம். 1990-ல் கேபிடல் நிறுவனம் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, மிச்ச இடத்தில் கூடுதல் பாட்டுகளும் போட்டு வெளியிட்டது. புகழ்பெற்ற 'பெட் சவுண்ட்ஸ்' மட்டும் தனி சிடி. ரசிகர்களுக்குப் பணம் மிச்சம்தான். ஆனால், ஓர் ஆல்பம் முடிந்து மனசு அதிலேயே இருக்கும்போது அடுத்தது ஆரம்பித்துவிடும்.

நம்மூர் சிக்கல் வேறு. 1991 தீபாவளிக்கு 'தளபதி', 'குணா' இரண்டும் வந்தன. இரண்டுக்கும் இளையராஜா இசை. 'தளபதி'யில் ஏழு நிமிடப் பாட்டுகளே இரண்டு. ஒரு பக்கத்தில் மொத்தமும் அடங்குவது கஷ்டம். ரெக்கார்டிங் கடையில் ரெண்டு படத்தையும் ஒரே கேசட்டில் கேட்டால், ஏதாவது ஒரு பாட்டை விட வேண்டிவரும். படத்தில் வராத பாட்டு ஒன்றும் அந்த ஆல்பத்தில் உண்டு. அதை விட்டுவிட்டால் தியேட்டருக்குப் போனாலும் கேட்க முடியாது!

இன்று செல்போனில் எல்லாப் படமும் தனித்தனியாக, முழுசாகக் கிடைக்கிறது. பரணில் பழைய கேசட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நீங்கள் இதுவரை கேட்காமலே விட்ட பாட்டு எது என்று தெரியும்.