அண்டை நாடு படையெடுத்தால் பிற நாடுகள் செய்யத் தக்கது என்ன?



ஒரு நாடு தன் அண்டை நாட்டுக்குள் படையோடு புகுந்துவிட்டால் மற்ற நாடுகள் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது மந்திரிகளும் தூதர்களும் பேசிக்கொள்கிற விஷயமல்லவா, காலையில் பெரட்டுக்கு நின்றுவிட்டு வேலைக்காட்டுக்குப் போகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பி வராத பாட்டன் நம்மில் பல குடும்பங்களில் உண்டு. கம்பிவேலி போட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. ரப்பர் விலை ஏறியபோது நாலு காசு கூடுதலாகப் பார்த்தவர்களும், இறங்கியபோது வேலை இழந்தவர்களும் உண்டு. இவற்றில் பலவற்றுக்குப் பின்னால், எங்கோ ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் புகுந்ததும் அதைக் கண்டு மற்ற நாடுகள் நடந்துகொண்ட விதமும் இருக்கின்றன.

ஜப்பான்காரன் காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஆனால் அந்தக் கதை அன்று தொடங்கியதல்ல. பத்தாண்டுகளுக்கு முன், 1931இல், ஜப்பான் சீனாவின் மஞ்சூரியாவைப் பிடித்தது. அப்போதிருந்த சர்வதேச சங்கம் லிட்டன் பிரபு தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. குழு போய்ப் பார்த்து, எழுதி, அறிக்கை கொடுத்து முடிப்பதற்குள் மஞ்சூரியா ஜப்பானின் பிடியில் இறுகிவிட்டது. 1933இல் ஜப்பான் சங்கத்தை விட்டே வெளியேறியது. யாரும் தடுக்கவில்லை. 1935இல் இத்தாலி அபிசீனியாவுக்குள் புகுந்தது. இம்முறை சங்கம் வணிகத் தடை விதித்தது. ஆனால் தடைப் பட்டியலில் எண்ணெய் இல்லை. சூயஸ் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே இருந்தது. எண்ணெயும் பாதையும் தாராளமாகக் கிடைக்கிறவனுக்கு மற்றத் தடை என்ன செய்யும்? 1936 மே மாதத்தில் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூலையில் தடையும் நீக்கப்பட்டது.

1937இல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தது. அப்போதும் ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயின் பெரும்பகுதியை அமெரிக்காவே விற்றுக்கொண்டிருந்தது. 1941 ஜூலையில், ஜப்பான் தென் இந்தோசீனாவுக்குள்ளும் நுழைந்த பிறகுதான், அமெரிக்கா அதன் பணத்தை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. எண்ணெய் கிடைக்காத ஜப்பான், எண்ணெயும் ரப்பரும் ஈயமும் இருந்த தென்திசையைப் பார்த்தது. அந்த ரப்பரில் நம்மவர்கள் வெட்டிய பாலும் அடக்கம். தடை விதித்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. பத்தாண்டு பொறுத்திருந்து, திடீரென்று கழுத்தைப் பிடித்து, பிடித்த பின் வரக்கூடிய அடிக்கும் ஆயத்தமாக இல்லாமல் இருந்ததே தவறு. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கி கூட இல்லை. ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் கடலில் மூழ்கின. ஜனவரி 11இல் கோலாலம்பூர் போயிற்று. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். பிறகு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

பிடிபட்ட நாட்டுக்கு வெளியார் உதவுகிற இன்னொரு வழி, அந்நாட்டில் எதிர்த்து நிற்பவர்களுக்கு ஆயுதம் கொடுப்பது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருகிற நம்மில் எத்தனை பேருக்கு 1942 செப்டம்பர் முதல் நாள் அந்த மலைக்கு அருகே நடந்தது தெரியும்? ஜப்பானியரை எதிர்த்து மறைந்திருந்து போரிட்ட கம்யூனிஸ்டுத் தலைவர்கள் பத்துமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூடியிருந்தபோது ஜப்பானியப் படை விடியற்காலையில் சூழ்ந்துகொண்டு பலரைக் கொன்றது. காட்டிக்கொடுத்தவர் அவர்களுடைய கட்சியின் தலைமைச் செயலாளரான லாய் தெக்கே என்று பின்னர் தெரிந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷாரின் 136ஆம் படைப்பிரிவினர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கி, எஞ்சியிருந்த போராளிகளோடு கைகோத்தார்கள். 1945இல் விமானங்கள் காட்டுக்குள் ஆயுதங்களைப் போட்டன.

போர் முடிந்ததும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். பலர் கொடுத்தார்கள். எல்லாத் துப்பாக்கியும் திரும்பி வரவில்லை. காட்டில் புதைத்து வைத்தவை 1948 ஜூனில் வெளியே வந்தன. சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி, அளந்து கொடுத்த அரிசி, வாசலில் சோதனை என்று தோட்டத்துச் சனம் பன்னிரண்டு ஆண்டுகள் இரு பக்கத்துக்கும் நடுவே அகப்பட்டுத் தவித்தது. ஆயுதம் கொடுக்கிற அரசுகள் அது யார் கையில், எதுவரை இருக்கும் என்பதைக் கொடுக்கும்போதே யோசிப்பது அபூர்வம். கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்பதல்ல நம் வாதம். ஜப்பானியரை எதிர்க்க வேறு யார் இருந்தார்கள்?

1950 ஜூன் 25ஆம் நாள் வட கொரியா தென் கொரியாவுக்குள் புகுந்தது. அச்சமயம் சோவியத் யூனியன் வேறொரு காரணத்துக்காகப் பாதுகாப்பு மன்றத்தைப் புறக்கணித்திருந்ததால், தடுப்பாணை போட ஆளில்லாமல், ஐக்கிய நாடுகளின் பெயரில் படை அனுப்பத் தீர்மானம் நிறைவேறியது. புகுந்தவர்கள் திரும்பத் துரத்தப்பட்டனர். அத்தோடு நின்றிருக்கலாம். அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் எல்லையைத் தாண்டிச் சீனாவின் வாசல் வரை போனார். சீனா போரில் குதித்தது. 1953 ஜூலை 27இல் சண்டை நின்றபோது கோடு ஏறக்குறையப் பழைய இடத்திலேயே இருந்தது. அந்தப் போரால் நம் ரப்பருக்கு முன்பு காணாத விலை கிடைத்தது. அதனாலேயே ஒரு சோதனையும் வந்தது. 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை, போருக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு விற்கலாகாது என்றது. மலாயா ரப்பர் நிறுத்தப்பட்டது. ஆனால் இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே அல்ல. அங்கே அரிசிப் பஞ்சமும் இருந்தது. 1952 டிசம்பரில் அது சீனாவோடு ரப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. சந்தை விலைக்கு மேலேயே சீனா கொடுத்தது. அமெரிக்கா கோபித்து உதவியை மறுத்தது. இலங்கை மீது குறை சொல்வது சுலபம். தடை போடச் சொல்கிற பெரிய நாடு, அந்தத் தடையால் அடுப்பு அணையப் போகிற சிறிய நாட்டுக்கு அரிசி கொடுக்க முன்வந்ததா என்றும் கேட்கத்தானே வேண்டும்?

இனி நம் சொந்த வழக்குக்கு வருவோம். மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவற்றைச் சேர்த்து மலேசியா அமைக்கும் திட்டத்தைத் துங்கு அப்துல் ரஹ்மான் 1961இல் அறிவித்தார். இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ அதை பிரிட்டிஷ் சூழ்ச்சி என்றார். 1963 ஜனவரியில் அவருடைய வெளியுறவு அமைச்சர் சுபாண்ட்ரியோ ‘கொன்பிரன்தாசி’ என்னும் பகைமைக் கொள்கையை அறிவித்தார். ஐ.நா. தலைமைச் செயலாளரும் பர்மியருமான ஊ தாண்ட் ஒரு குழுவை அனுப்பி விசாரித்து, சபா, சரவாக் மக்களில் பெரும்பான்மையோர் மலேசியாவையே விரும்புகிறார்கள் என்று அறிவித்தார். செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது. ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது. போர்னியோ எல்லையில் ஊடுருவல் பெருகியது.

1964 ஆகஸ்ட் 17ஆம் நாள் ஏறத்தாழ நூறு பேர் கடல்வழியே பொந்தியானில் இறங்கினர். செப்டம்பர் 2ஆம் நாள் லாபிஸ் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்டங்களும் காடும் கலந்த இடத்தில், பாரசூட்டில் குதித்தனர். அக்டோபரில் மலாக்கா எல்லையில் கீசாங் ஆற்று முகத்தில் 52 பேர். உள்ளூர் மக்கள் தங்களைக் கண்டதும் வரவேற்றுக் கூடவே எழுச்சி செய்வார்கள் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மக்கள் செய்ததோ காவல்துறைக்குத் தகவல் கொடுத்ததுதான். வந்தவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டனர் அல்லது கொல்லப்பட்டனர்.

வெளிநாடுகள் அப்போது எப்படி நடந்துகொண்டன என்பதே நமக்கு வேண்டியது. பிரிட்டனோடு 1957இலேயே பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தது; 1963இல் அது மலேசியா முழுமைக்கும் விரிந்தது. எனவே தாக்க வருகிறவனுக்கு முன்கூட்டியே தெரியும், மலேசியாவைத் தொட்டால் யார் வருவார்கள் என்று. மஞ்சூரியாவுக்கு அப்படி யாரும் இல்லை. பிரிட்டிஷாரும் கூர்க்காக்களும் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் நம் அரசு கேட்டு வந்தார்கள், நம் வீரர்களோடு நின்றார்கள். லாபிஸில் குதித்தவர்களைத் தேடிப் பிடித்ததில் நியூசிலாந்து வீரர்களுக்கும் கூர்க்காக்களுக்கும் பெரும் பங்குண்டு, கீசாங்கில் ஆஸ்திரேலியருக்கு.

ஜகார்த்தாவின் மீது குண்டு போடப் போதிய விமானங்களும் கப்பல்களும் சிங்கப்பூரில் இருந்தும் ஒரு குண்டும் போடவில்லை. போர்னியோவில் மட்டும் எல்லையைத் தாண்டிச் சில ஆயிரம் கஜ தூரத்துக்குள் இரகசியமாகத் தாக்குதல் நடத்தினர். அதைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவுமில்லை. ஒளிவுமறைவு நல்லதல்ல என்பார் சிலர். ஆனால் வெளியே சொல்லியிருந்தால் சுகர்ணோவும் மானத்துக்குப் பயந்து முழுப் போருக்கு இறங்க நேர்ந்திருக்கும். கொரியாவில் செய்த பிழை இங்கே செய்யப்படவில்லை. அதனால்தான் மூன்றாண்டு மோதலில் மாண்டவர்கள், பிரிட்டிஷ் கணக்கின்படி, இந்தோனேசியர் 590 பேரும் காமன்வெல்த் படையினர் 114 பேரும் என்ற அளவில் நின்றது. ஒவ்வொன்றும் ஒரு உயிர்தான். ஆயினும் அது இலட்சக்கணக்கில் போயிருக்கக்கூடிய போர்.

அமெரிக்கா வேறு விதமாகச் செயல்பட்டது. இந்தோனேசியா முற்றாகக் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் சமாதானம் பேசவே முயன்றது. 1964 ஜனவரியில் ராபர்ட் கென்னடி வந்து சுகர்ணோவையும் துங்குவையும் சந்தித்துப் போர்நிறுத்தம் ஒன்றையும் அறிவிக்கச் செய்தார். அது நிலைக்கவில்லை. தாக்குகிறவன் படையை எல்லைக்குள் வைத்துக்கொண்டே பேச்சு நடத்த இடம் கொடுத்தால் போர்நிறுத்தம் அவனுக்கு ஓய்வுநேரமாகிவிடுகிறது.

லாபிஸ் சம்பவத்தின் மறுநாளே நம் அரசு பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. டத்தோ டாக்டர் இஸ்மாயில் கைப்பற்றிய ஆயுதங்களை மன்றத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் காட்டினார். நார்வே கொண்டுவந்த தீர்மானத்தைப் பதினொரு நாடுகளில் ஒன்பது ஆதரித்தன. சோவியத் யூனியன் தடுப்பாணையைப் பயன்படுத்தவே அது வீழ்ந்தது. அப்படியானால் ஐ.நா.வுக்குப் போனதில் என்ன பயன்? பயன் இருந்தது. அதுவரை இதை பிரிட்டிஷாரின் சண்டை என்று எண்ணிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பல, தாக்கியவர் யார் என்பதைக் கண்ணால் கண்டன. அடுத்த ஆண்டு மலேசியா அதே மன்றத்தில் இடம்பெற்றபோது, சுகர்ணோ கோபித்து ஐ.நா.வை விட்டே விலகினார். அதோடு தனிமைப்பட்டது அவருடைய நாடுதான்.

வணிகத்தையும் அவரே துண்டித்தார். சுமத்திராவின் ரப்பர் சிங்கப்பூருக்கு வந்து பதமாகி வெளியே போவது வழக்கம். அந்த வழியை அடைத்ததில் நட்டம் இரு பக்கமும். கூடுதல் நட்டம் சுமத்திராவின் சிறு தோட்டக்காரனுக்கு. அங்கே விலைவாசி ஒரே ஆண்டில் பன்மடங்கு ஏறியது. 1966இல் சுஹார்த்தோ கைக்கு அதிகாரம் வந்ததும் பாங்காக்கில் பேச்சு நடந்தது. ஆகஸ்ட் 11ஆம் நாள் துன் ரசாக்கும் ஆடம் மாலிக்கும் ஜகார்த்தாவில் கையெழுத்திட்டனர். தோற்றவனை மண்டியிட வைக்கவில்லை, நட்டஈடு கேட்கவில்லை. ஒரே ஆண்டில், 1967 ஆகஸ்ட் 8இல், இரு நாடுகளும் ஆசியானில் ஒன்றாக உட்கார்ந்தன. தாக்குகிறவனைத் தடுக்கும்போதே அவன் திரும்பிவர ஒரு வாசலைத் திறந்து வைப்பது கோழைத்தனம் என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தபோது அங்கே போல் பாட் தன் மக்களையே கொன்று குவித்துக்கொண்டிருந்தார். படையெடுப்பு தவறு என்று ஆசியான் நின்றது. விதி என்ற வகையில் அது சரி. ஆனால் அதன் பலனாக ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி கொலைகாரர்களிடமே பல ஆண்டு இருந்தது. விதியைக் காக்கப் போய்க் கொலைகாரனுக்குக் குடை பிடிக்க வேண்டிவந்த அந்தச் சங்கடத்துக்கு நம்மிடம் இலகுவான விடை இல்லை. 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபோது மலேசியா பொதுச்சபையில் கண்டனத் தீர்மானத்தை ஆதரித்தது, ஐ.நா. விதிக்காத தடைகளில் மட்டும் சேரவில்லை. செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியதும், உர விலை கூடவே ஏறியதும் அவ்வாண்டில்தான்.

நம் மீது படை வந்தபோது உலகம் நம்மோடு நிற்க வேண்டும் என்று கேட்டோம். 1975 டிசம்பர் 7ஆம் நாள் இந்தோனேசியா கிழக்குத் திமோருக்குள் புகுந்தபோது, பாதுகாப்பு மன்றம் படைகளைத் திரும்பப் பெறுமாறு ஒருமனதாகக் கூறியும், மலேசியா இந்தோனேசியாவின் பக்கமே நின்றது. புதிதாகக் கிடைத்த நட்பைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. கம்யூனிச அச்சமும் இருந்தது. காரணங்கள் புரிகின்றன. ஆனால் அந்தக் காரணங்களையே 1964இல் மற்ற நாடுகள் நமக்குச் சொல்லியிருந்தால் நம் கதி என்ன? திமோர் மக்கள் 1999இல்தான் வாக்களித்து விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது மூண்ட வன்முறையை அடக்க, ஆஸ்திரேலியா தலைமையில் ஐ.நா. அனுமதித்த படை போயிற்று. 2002 மே 20இல் அது தனி நாடாயிற்று. 2025 அக்டோபர் 26ஆம் நாள் அந்தச் சிறு நாட்டை ஆசியான் தன் பதினோராவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதற்கான மாநாடு நடந்தது நம் கோலாலம்பூரில்தான்.