நொடிக்கு 44,100 முறை ஏன்?

சிடியில் ஒலி தொடர்ச்சியாக இல்லை. நொடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த எண்கள்தான் இருக்கின்றன. இடைப்பட்ட ஒலி தொலைந்துபோகாதா? போகாது. வியப்பே அதில்தான்.

ஒலியைப் பல அதிர்வெண்களின் கூட்டாகப் பிரித்துக் காட்டுவது ஃபூரியர் உருமாற்றம். இப்படி அளந்து மாதிரி எடுப்பதோ, சம இடைவெளியில் நிற்கும் கணத்துடிப்புகளின் வரிசையால் ஒலியைப் பெருக்குவது. அந்த வரிசையை உருமாற்றினால் மீண்டும் ஒரு துடிப்பு வரிசையே கிடைக்கிறது! காலத்தில் துடிப்புகள் நெருங்க நெருங்க, அதிர்வெண்ணில் விலகி நிற்கும். இதனால் ஒலியின் நிறமாலை, அதாவது அதன் அதிர்வெண்களின் படம், 44,100 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை நகலாகிக்கொண்டே போகிறது. நகல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாதவரை, ஒரு வடிகட்டியால் மூலத்தை மட்டும் பிரித்து ஒலியை மீட்டுவிடலாம்.

விழுந்தால்? 30,000 ஹெர்ட்ஸ் ஒலி நம் காதுக்கு எட்டாது. அதை அப்படியே அளந்தால், 44,100இல் 30,000 போக மீதி 14,100 ஹெர்ட்ஸாக வேடமிட்டுக் கேட்கத் தொடங்கும். உண்மையான 14,100இலிருந்து அதைப் பிரித்தறிய வழியே இல்லை. ஆகவே அளப்பதற்கு முன்பே உயர் அதிர்வெண்களை வெட்டிவிடுகிறார்கள்.

காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நகல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாதிருக்க, அதன் இருமடங்கான 40,000ஐத் தாண்டி அளக்க வேண்டும். வடிகட்டிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். சரியாக 44,100 எப்படி வந்தது? தொடக்கத்தில் இந்த எண்களை வீடியோ நாடாவில் பதிந்தார்கள்: நொடிக்கு 60 புலம் (அரைப்படம்), புலத்துக்கு 245 வரி, வரிக்கு 3 மாதிரி. பெருக்கினால் 44,100.