கோதுமைக் கதிரும் கடலோரக் கல்லறையும்



செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, அறுவடை விழா நாளன்று, இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் உள்ள பழைய ஆலயம் ஒன்றினுள் நுழைந்தால், முதலில் நம்மை வரவேற்பது வாசனைதான். கல் சன்னல்களின் விளிம்பெங்கும் ஆப்பிள்களும் பூசணிகளும் அடுக்கப்பட்டிருக்கும். மறையுரை மேடையில் கோதுமைக் கதிர்கள் கட்டப்பட்டிருக்கும். பீடத்தின் அருகே, கதிர்க்கட்டின் வடிவிலேயே சுட்ட பெரிய ரொட்டி ஒன்று இருக்கும். அதன்மேல் மாவினால் செய்த சின்னஞ்சிறு எலியும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளுக்குத் தனி மகிழ்ச்சி!

இது ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் இன்றைய வடிவில் இவ்விழா பரவத் தொடங்கியது 1843ஆம் ஆண்டிற்குப் பின்னர்தான். அந்த ஆண்டு அக்டோபர் முதல் நாள், கார்ன்வால் பகுதியின் வட கடற்கரையில் உள்ள மார்வென்ஸ்டோ என்ற சிற்றூரில், ஆங்கிலிக்கன் சபைக் குருவாக இருந்த இராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், விளைச்சலுக்கு நன்றி கூறத் தம் மக்களை ஆலயத்திற்கு அழைத்தார். புதுக் கோதுமையில் செய்த அப்பத்தையே அன்று நற்கருணை வழிபாட்டில் பயன்படுத்தினார்.

ஹாக்கர் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. பழங்கால இங்கிலாந்தில், ஆகஸ்ட் முதல் நாளன்று, புதுத் தானியத்தில் சுட்ட அப்பத்தை ஆலயத்திற்குக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. 'லாமஸ்' என்ற அந்நாளின் பெயருக்கே 'அப்பத் திருப்பலி' என்பதுதான் பொருள். காலப்போக்கில் அவ்வழக்கம் மங்கிவிட, அறுவடை முடிவு என்பது பண்ணை வீடுகளில் உண்டு குடித்து மகிழும் நாளாக மட்டுமே நின்றது. அந்த மகிழ்ச்சியை மீண்டும் பீடத்தருகே கொண்டுவந்தவர் ஹாக்கர்.

அலங்கரிக்கப்பட்ட ஆலயத்தைப் பார்த்த மனநிறைவோடு நாம் திரும்பிவிடலாம். ஆனால் மார்வென்ஸ்டோவில் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்க வேண்டும். அங்கே, வாளும் கேடயமும் ஏந்திய வெண்ணிறப் பெண் உருவம் ஒன்று நிற்கிறது. 1842ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்கரையில் மோதி உடைந்த 'கலிடோனியா' என்ற கப்பலின் முகப்புச் சிலையின் நகல் அது. மூலச் சிலை ஆலயத்திற்குள் பாதுகாக்கப்படுகிறது. அக்கப்பலில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே உயிர்பிழைத்தார். கரை ஒதுங்கிய மற்றவர்களின் உடல்களை ஹாக்கர் தேடி எடுத்து, செபித்து, அடக்கம் செய்தார். தம் பணிக்காலத்தில் அவர் இவ்வாறு அடக்கம் செய்த மாலுமிகள் 40க்கும் மேற்பட்டோர். அவர்கள் அந்த ஊராரும் அல்லர், உறவினரும் அல்லர்.

கலிடோனியா உடைந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்தே அந்த முதல் அறுவடை விழா நடைபெற்றது. பெயர் தெரியாதவரின் உடலைத் தூக்கிய அதே கைகள்தாம் புதுக் கோதுமை அப்பத்தையும் உயர்த்தின. இவ்விரண்டையும் நாம் பிரித்துப் பார்க்க முடியுமா?

விவிலியம் பிரித்துப் பார்ப்பதில்லை. முதற்கதிரை ஆண்டவருக்குக் கொண்டுவரச் சொல்லும் லேவியர் நூலின் 23ஆம் அதிகாரமே, வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடச் சொல்கிறது. இணைச்சட்டம் 26ஆம் அதிகாரமும் அப்படியே. முதற்பலன் கூடையை ஆண்டவர்முன் வைத்தபின், நம் நடுவே வாழும் அந்நியரும் நம்மோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது. அந்நியருக்கு இடமில்லாத நன்றி, பாதி நன்றியே.

இங்கிலாந்தின் பல ஆலயங்களில் இன்று கதிர்க்கட்டுகளுக்கு அருகே டின்களில் அடைத்த உணவும், அரிசி, பருப்புப் பொட்டலங்களும் வைக்கப்படுகின்றன. விழா முடிந்ததும் அவை உணவு வங்கிகள் வழியாக வறியோர் இல்லங்களுக்குச் செல்கின்றன. அலங்காரம் அங்கே உணவாகிறது.

ஹாக்கர் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவ்வூரிலேயே பணியாற்றினார். 1875ஆம் ஆண்டு, பிளிமத் நகரில் நோயுற்றிருந்தபோது கத்தோலிக்கத் திருஅவையில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, மறுநாள், மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, இறைவனடி சேர்ந்தார்.

தமிழகத்தில் நம் பங்குகள் பலவற்றிலும், சனவரி மாதம், ஆலய முற்றத்தில் பொங்கல் பொங்குகிறது. கரும்பும் மஞ்சளும் பீடத்தை அழகுசெய்கின்றன. அந்தப் பொங்கலைப் பகிரும்போது, நெல்லை அறுத்த நிலமற்ற தொழிலாளிக்கும், பிழைப்புக்காக நம் ஊருக்கு வந்து நம் மொழி தெரியாமல் வாழ்கிறவருக்கும் நம் பந்தியில் இடம் உண்டா? சிந்திப்போம். அந்த இடத்தை இந்த ஆண்டே ஒதுக்கி வைப்போம்.