இரவு இரண்டு மணிப் பால்

திருத்தங்கலில் என் அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்து நான்காம் நாள் இரவு. பிறந்தபோது எடை 2 கிலோ 300 கிராம். பத்து மணிக்குப் பால் குடித்துப் படுத்த பிள்ளை, ஒரு மணி ஆகியும் கண் திறக்கவில்லை. இமைக்குள் விழி உருண்டது, உதடு கோணிச் சிரிப்புப் போல ஒன்று வந்து போனது. "நரி விரட்டுது பாரு" என்றார் அம்மாச்சி. "தூங்குற பிள்ளைய எழுப்பாதடி. பசிச்சா அழாதா?"

முந்தின நாள் வீட்டுக்கு வந்த செவிலியரம்மா வேறு சொல்லியிருந்தார். "எடை கம்மியா இருக்கும்மா. ரெண்டு மணி நேரம், மிஞ்சிப்போனா மூணு. ராத்திரியா இருந்தாலும் எழுப்பிக் குடுத்துரணும்." பச்சை உடம்புக்காரி இரண்டு சொல்லுக்கும் நடுவில், தொட்டிலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சின்ன உடம்புக்குள் அப்போது நடந்துகொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

நரி விரட்டும் நேரத்திலிருந்தே தொடங்கலாம். பச்சைப் பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி அப்படிப்பட்டதுதான். விழி உருளும், மூச்சு ஏறி இறங்கும், விரல் துடிக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி தூங்கும் குழந்தைகளின் இமைகளைக் கவனிக்கப் போய்த்தான் இந்தத் தூக்கத்தின் வாசலுக்கு வந்தார். 1953இல் அவரும் நத்தானியல் கிளைட்மனும் அதை உலகுக்குச் சொன்னார்கள். நம் கிழவிகள் இமையைப் பார்த்து நரி என்றார்கள், அவர்கள் கனவு காணும் தூக்கம் என்றார்கள். மூளை தன்னைத்தானே நெய்துகொள்ளும் நேரம் அது. தாய்க்கும் அது ஒரு ஜன்னல். விழி உருண்டு, வாய் சப்புக்கொட்டி, கை வாய்க்குப் போகும் அந்த நொடியில் எழுப்பினால் பிள்ளை சுலபமாக எழும். கை துவண்டு, முகம் சிலையாகிக் கிடக்கிற ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப முயன்றால் இருவருக்கும் சிரமம்தான். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜன்னல் மறுபடி திறக்கும்.

ஏன் இத்தனை தடவை குடிக்க வேண்டும்? பாலிலேயே பதில் இருக்கிறது. முயல் தன் குட்டிகளை வளைக்குள் மூடிவிட்டுப் போய், நாளுக்கு ஒரே தடவை, சில நிமிடங்கள் மட்டும் பால் கொடுக்கும். அதற்குத் தக்கபடி அந்தப் பால் கெட்டி. மனிதத் தாயின் பாலில் புரதம் நூற்றுக்கு ஒன்றுதான். நூற்றில் எண்பத்தெட்டு பங்கு போலத் தண்ணீர். ஒன்றரை மணி நேரத்தில் இரைப்பை காலியாகிவிடும். விட்டுவிட்டுப் போகும் தாய்க்காக வைத்த பாலில்லை இது, இடுப்பில் சுமக்கும் தாய்க்காக வைத்த பால். ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை என்ற கணக்கு அந்தத் தண்ணீர்த்தன்மையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிவகாசிச் சுற்றுவட்டாரத்துக் கத்திரி வெயிலில் "தொண்டை காயுமே" என்று பிள்ளைக்குச் சீனித்தண்ணி புகட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். தண்ணீரையும் படைத்தவன் பாலுக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். ஆறு மாதம்வரை அது போதும்.

முதல் நாள் சீம்பால் ஒரு தடவைக்குச் சில மில்லிதான் வரும். "பாலே இல்லையே" என்று தாய் கலங்குகிறாள். அந்த இரைப்பைக்கு அதுவே விருந்து, அந்த மஞ்சள் துளிகளில் நோய்த்தடுப்பு நிறைந்திருக்கிறது. நாலாம் நாளுக்குள் அது முப்பது, அறுபது மில்லியாக வளர்கிறது. பிள்ளையின் வயிறும் கூடவே விரிகிறது. ஒன்றுக்கு ஒன்று யார் சொல்லிக்கொடுத்தது?

"பசிச்சா அழாதா?" என்று அம்மாச்சி கேட்டது நியாயமான கேள்வி. நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்த பிள்ளை பெரும்பாலும் அழும். எடை குறைந்த பிள்ளைக்கும், மாதம் முந்திப் பிறந்ததற்கும், மஞ்சள் பாய்ந்ததற்கும் அழத் தெம்பு இருக்காது. கையிருப்புக் கொழுப்பு கொஞ்சம், மூளைக்கு வேண்டிய சர்க்கரை நிறைய. சர்க்கரை இறங்க இறங்கச் சோர்வு, சோர்ந்தால் தூக்கம், தூங்கினால் பால் இல்லை. மஞ்சளும் இதே சுழல்தான். உடைந்த ரத்த அணுக்களின் மஞ்சள் நிறமி மலத்தோடு வெளியேற வேண்டும், பால் இறங்காவிட்டால் மலம் போகாது, குடலில் தங்கியது திரும்ப ரத்தத்தில் ஏறும், ஏறினால் பிள்ளை இன்னும் மயங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சமர்த்தாகத் தூங்குகிற பிள்ளை!

எங்கள் அக்கா மகள் ஏழாம் மாதம்வரை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். 1922இல் கல்கத்தா போய் அந்தத் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் காலத்திலிருந்து இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. குச்சி முனையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் இன்னொரு மருந்து. முனையில் குளோரேட், பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். தனித்தனியே அமைதி, உரசினால்தான் சுடர். தாயும் பிள்ளையும் அப்படித்தான் எனக்குத் தெரிகிறார்கள். பிள்ளை உறிஞ்சினால்தான் தாயின் மூளையிலிருந்து பாலை இறக்கும் சுரப்பு கிளம்பும். பாலை ஊறவைக்கும் சுரப்போ இரவில்தான் உச்சத்துக்கு ஏறுகிறது. பால் வெளியேறாமல் தேங்கினால், போதும் போலிருக்கிறது என்று மார்பே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு மணிப் பால் அந்த இரவுக்கு மட்டுமானதில்லை, வரப்போகும் மாதங்களின் பாலுக்கும் அதுதான் ஊற்றுக்கண்.

இரவுப் பாலில் இன்னொரு சங்கதி. பகல் பாலில் அநேகமாக இல்லாத மெலடோனின் என்னும் தூக்கச் சுரப்பு அதில் கலந்து வருகிறது. பிள்ளைக்குச் சொந்தமாக இரவு பகல் பிரியச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை தாய் தன் இரவைப் பிள்ளைக்குப் புகட்டுகிறாள்! எழுப்பிக் கொடுத்தால் தூக்கம் கெடும் என்கிறோம், கொடுக்கிற பாலிலேயே தூக்கம் இருக்கிறது.

வீடு தேடி வந்த செவிலியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலிக் கிராமங்களில் அபய் பங், ராணி பங் தம்பதியர் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து பச்சைப் பிள்ளைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். அங்கே பச்சிளம் சாவு பாதிக்கும் மேல் குறைந்ததை 1999இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. 2011இல் அது நாட்டுத் திட்டமானது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு ஆள் வர வேண்டும் என்பது அதன் கணக்கு. அந்த அம்மா எங்கள் படி ஏறியதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அன்று இரவு எழுப்பினோம். தண்ணீர் தெளிக்கவில்லை, உலுக்கவில்லை. அக்கா மகள் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, பிள்ளையைத் தன் வெற்று மார்பில் போட்டு, உள்ளங்காலை விரலால் வருடினாள். உதடு தேடியது. இரண்டு சொட்டைப் பீய்ச்சி உதட்டில் தடவ, கவ்விக்கொண்டது. இத்தனை செய்தும் எழாமல், குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ சுட்டாலோ, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால்வரை வந்தாலோ, விடியட்டும் என்று இருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

பதினான்காம் நாள் தராசுத் தொட்டிலில் பிறந்த எடையையும் தாண்டி நூறு கிராம் காட்டியது. நாளைக்கு ஏழெட்டுத் துணி நனைகிறது, மலம் கறுப்பு மாறி மஞ்சளாகிவிட்டது. "எடை இப்படியே ஏறட்டும். இனி ராத்திரி அலாரம் வேண்டாம்மா, அதுவா எழும்பும்" என்றார் செவிலியரம்மா. "நான் சொன்னப்ப கேட்டியளா" என்று அம்மாச்சிக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு அலாரம் வைக்காமல் படுத்தார்கள். இரண்டு மணிக்கு அக்கா மகள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். மார்பு கனத்து, சேலை நனைந்திருந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்தாள். பிள்ளை இன்னும் அழவில்லை. கை மட்டும் மெல்ல வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.