'பெண்கள் மட்டும்' வேலைக்கு திருநங்கை மனு போட்டால்...? கோர்ட்டுகள் சொன்னது என்ன?

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திண்டுக்கல் ரெயில் நிலையத்தில் ஒரு புது டிக்கெட் பரிசோதகர் பொறுப்பு ஏற்றார். பெயர் சிந்து. சொந்த ஊர் நம்ம நாகர்கோவில். அவர் ஒரு திருநங்கை.

தெற்கு ரெயில்வேயில் ஒரு திருநங்கை டிக்கெட் பரிசோதகர் ஆனது அதுதான் முதல் தடவை. பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது.

சிந்து அன்றைக்குப் புதிதாக வேலையில் சேர்ந்தவர் அல்ல. ஏற்கனவே ரெயில்வேயில் மின்சாரப் பிரிவில் இருந்தவர். கையில் அடிபட்டதால் வணிகப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, பயிற்சி முடித்து, டிக்கெட் பரிசோதகர் ஆனார்.

அவருக்கு ஒரு விஷயம் சாதகமாக இருந்தது. டிக்கெட் பரிசோதகர் வேலையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால், 'பெண்கள் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்ட வேலை என்றால்? அங்கேதான் வம்பு.

எந்த கட்டத்தில் டிக்?

அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார நர்சு, பெண்கள் விடுதி வார்டன், பெண் போலீஸ். இவை எல்லாம் பெண்களுக்கு என்றே வைத்த வேலைகள். தமிழக அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு 1989-ல் வந்தது. அதுவும் தனி.

தனியாரிலும் குறைவு இல்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை வாசல்களில் 'பெண் விற்பனையாளர் தேவை' என்று அட்டை தொங்குவதை தினமும் பார்க்கிறோம்.

பிறந்தபோது 'ஆண் குழந்தை' என்று எழுதப்பட்டு, பின்னால் பெண்ணாக வாழும் ஒருவர் இந்த வேலைக்கு மனு போடலாமா? மனுவில் எந்த கட்டத்தில் 'டிக்' போடுவார்?

அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு, ஆண்-பெண் என்ற காரணத்துக்காக சர்க்கார் வேலையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. 15-வது பிரிவோ, பெண்களுக்கு தனி ஏற்பாடு செய்யலாம் என்று இடம் கொடுக்கிறது. 'பெண்கள் மட்டும்' வேலைகள் நிற்பது இந்த இரண்டாவது தூணில்தான். 'பெண்' என்றால் யார் என்று இரண்டிலுமே எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் வரும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவும் இல்லை.

திருவிதாங்கூர் காலம்

நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1-ந் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது, அதற்கு முன் திருவிதாங்கூர் ராஜ்யம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அந்த திருவிதாங்கூரில், பெண்களுக்கு சர்க்கார் உத்தியோகம் எதற்கு என்று மேடை போட்டுப் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு பதிலுக்குப் பதில் கொடுத்தவர் அன்னா சாண்டி. 1937-ல் அவரையே முன்சீப் ஆக்கினார்கள். 1959-ல் கேரள ஐகோர்ட்டு நீதிபதியாகவும் ஆனார்.

போலீஸ் மட்டும் என்ன? தமிழ்நாட்டில் முதன்முதலாக பெண் போலீசார் எடுக்கப்பட்டது 1973-ல்தான். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 போலீசார். அவ்வளவே. இன்று பெண் போலீஸ் இல்லாத ஸ்டேஷனைப் பார்ப்பதே கஷ்டம்.

டாக்டர் சர்டிபிகேட்டால் போன வேலை

சட்டப் புத்தகங்களில் 'நங்கை வழக்கு' என்று ஒன்று இருக்கிறது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, கரூர் மாவட்டத்தில் பெண் போலீசாக வேலைக்குச் சேர்ந்தவர். மருத்துவப் பரிசோதனை செய்த டாக்டர்கள் 'திருநங்கை' என்று எழுதிக் கொடுத்து விட்டார்கள். மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு உத்தரவு போட்டார். வேலை போச்சு.

சென்னை ஐகோர்ட்டு நீதிபதி எஸ்.நாகமுத்து 2014 ஏப்ரல் 17-ந் தேதி அந்த உத்தரவை ரத்து செய்தார். ஒருவர் பெண் என்று தன்னைச் சொல்லிக் கொள்ளும்போது, கட்டாயப்படுத்தி உடம்பைப் பரிசோதித்து 'நீ பெண் இல்லை' என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அதற்கு இரண்டே நாள் முன்புதான், ஏப்ரல் 15-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு பெரிய தீர்ப்பை வழங்கி இருந்தது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றில் தான் யார் என்று முடிவு செய்யும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது.

ஒரு வினாடி

அடுத்தது சேலத்து பிரித்திகா யாஷினி. கம்ப்யூட்டர் பட்டதாரி. வீட்டை விட்டு சென்னைக்கு வந்து, பெண்கள் விடுதி வார்டனாக வேலை பார்த்தவர். ஆசை எல்லாம் காக்கிச் சட்டை மேல்.

2015-ல் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனு போட்டார். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் மனுவைத் தள்ளி விட்டது. மனுவில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். அவருடைய பழைய சர்டிபிகேட்டுகளில் வேறு பெயர்.

பிரித்திகா கோர்ட்டு படி ஏறினார். பரீட்சை எழுத அனுமதி வாங்க ஒரு மனு. 'கட்-ஆப்' மார்க்கு தகராறுக்கு ஒரு மனு. ஒவ்வொரு படிக்கும் ஒரு உத்தரவு வாங்கித்தான் மேலே போக வேண்டி இருந்தது.

ஓட்டப் பந்தயத்தில் அடுத்த சோதனை. 100 மீட்டர் ஓட்டத்தில் சுமார் ஒரு வினாடி தாமதம். ஒரே ஒரு வினாடி! அதற்காக வேலையை மறுப்பதா என்று மறுபடி கோர்ட்டு.

2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா இருவரும் தீர்ப்பு கூறினார்கள். பிரித்திகாவுக்கு சப்-இன்ஸ்பெக்டர் வேலை கொடுக்க வேண்டும், அடுத்த தேர்வு முதல் மூன்றாம் பாலினத்துக்கு மனுவில் இடம் வைக்க வேண்டும் என்று உத்தரவு.

2017-ல் நியமன உத்தரவு கைக்கு வந்தது. தர்மபுரி மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பு ஏற்றார். 'சார்' என்று சல்யூட் அடிப்பதா, 'மேடம்' என்று அடிப்பதா என்று ஸ்டேஷனில் யாரும் திண்டாடியதாகத் தகவல் இல்லை.

திருச்செந்தூர் பெண்ணும் விமானமும்

பிரித்திகாவுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைத்து விடவில்லை. நம்ம பக்கத்து திருச்செந்தூரைச் சேர்ந்த ஷானவி பொன்னுசாமி கதையே வேறு.

என்ஜினீயரிங் படித்தவர். ஏர் இந்தியாவிலேயே வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம் உண்டு. ஆபரேஷன் செய்து கொண்டு, பெண் என்று அரசிதழிலும் பதிவு செய்து விட்டார்.

2017 ஜூலையில் ஏர் இந்தியா விளம்பரம் கொடுத்தது. விமானப் பணிப்பெண்கள் தேவை என்று. ஷானவி பெண்கள் பிரிவில் மனு போட்டார். தேர்வுக்கு அழைப்பு வந்தது. பட்டியலில் பெயர் வரவில்லை.

மூன்றாம் பாலினம் என்பதால்தான் தள்ளி விட்டார்கள் என்பது ஷானவியின் புகார். மார்க்கு போதவில்லை, வேறு காரணம் இல்லை என்பது ஏர் இந்தியாவின் பதில். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

வழக்கு நடக்கும்போதே, 2018 பிப்ரவரியில், தன்னைக் கருணைக் கொலை செய்யும்படி ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். நாடே திரும்பிப் பார்த்தது.

2022 செப்டம்பர் 8-ந் தேதி நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், ஹிமா கோலி ஆகியோர், திருநங்கைகள் வேலை பார்க்க வழி செய்யும் கொள்கைத் திட்டத்தை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். அதற்குள் ஏர் இந்தியா டாட்டா கைக்குப் போய்விட்டது. 2017-ல் போட்ட மனுவுக்கு 2022-ல் கொள்கை பற்றிய உத்தரவு. இதை வெற்றி என்று சொல்ல மனம் வரவில்லை.

இதே ஏர் இந்தியாவின் பழைய கதை ஒன்றும் உண்டு. முதல் குழந்தை வயிற்றில் வந்தாலே பணிப்பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி வைத்து இருந்தார்கள். 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை அடித்து நொறுக்கியது. ஆனால், ஆண் ஊழியர் வேறு பிரிவு, பணிப்பெண் வேறு பிரிவு என்று பிரித்து வைத்ததை அதே தீர்ப்பு ஏற்றுக் கொண்டது.

மணமகள் யார்?

2018-ல் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். மணமகள் திருநங்கை. பதிவு செய்ய மறுத்து விட்டார்கள். மதுரை ஐகோர்ட்டு கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் தீர்ப்பு சொன்னார். இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும். பதிவு செய்யுங்கள் என்றார்.

நமக்கு அண்டையில் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி காலேஜ். அங்கே படித்த திருநங்கை ஹினா ஹனீபா, தேசிய மாணவர் படையின் பெண்கள் பிரிவில் சேரக் கேட்டார். சட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். 2021 மார்ச்சில் கேரள ஐகோர்ட்டு அவருக்கு சாதகமாகத் தீர்ப்பு அளித்தது. மத்திய அரசு அப்பீல் போனது.

பஸ்சில் பாருங்கள். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்சில் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்ததும், சில வாரங்களில் திருநங்கைகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. கண்டக்டர் யாரிடமும் சர்டிபிகேட்டு கேட்டு பஸ்சை நிறுத்தி வைக்கவில்லை. வேலை மனு என்றதும்தான் இத்தனை கோர்ட்டு, இத்தனை வாய்தா.

நியாயமான கேள்வி

எதிர்த்துக் கேட்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கைதான பெண்ணைச் சோதனை போட பெண்தான் வேண்டும் என்பது சட்டம். ஜெயிலில் பெண் கைதிகளுக்குப் பெண் வார்டர். பெண்களின் கூச்சமும் பயமும் அற்ப விஷயம் அல்ல.

இங்கிலாந்தில் இந்தக் கேள்விதான் பெரிய கோர்ட்டு வரை போனது. 2010-ம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் பிறப்பால் பெண்தான் என்று 2025 ஏப்ரல் 16-ந் தேதி அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதேநேரம், திருநங்கைகளுக்குத் தனிப் பாதுகாப்பு அந்தச் சட்டத்தில் உண்டு என்றும் சொல்லி இருக்கிறார்கள். நம்ம ஊர் கோர்ட்டுகள் போன பாதைக்கு நேர் எதிர்.

ஆனால் ஒன்று. உடல் சோதனை என்பது ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வேலையில் ஒரு துண்டு. அந்த ஒரு துண்டுக்கு ஆளை மாற்றி நிறுத்தலாம். அதைக் காட்டி மொத்த வேலையையும் மறுப்பது, கால் செருப்பு கடிக்கிறது என்று காலையே வெட்டுகிற கதை.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

2019-ல் வந்த திருநங்கைகள் உரிமைச் சட்டம் 2020 ஜனவரி 10-ந் தேதி அமலுக்கு வந்தது. ஆள் எடுப்பது, பதவி உயர்வு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. சர்க்கார் ஆபீசுக்கு மட்டும் அல்ல, தனியார் நிறுவனங்களுக்கும்தான். ஒவ்வொரு நிறுவனமும் புகார் அதிகாரி ஒருவரை வைக்கச் சொன்னது.

ஓட்டை எங்கே என்றால், 6 மாதம் முதல் 2 வருடம் வரை ஜெயில் என்ற அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவில் 'வேலை மறுப்பு' வரவில்லை. கொத்தடிமை வேலை வாங்கினால், பொது இடத்தில் தடுத்தால், வீட்டை விட்டுத் துரத்தினால், கொடுமை செய்தால் தண்டனை. வேலை இல்லை என்று கையை விரித்தால்? பல் இல்லாத பாம்பு.

அந்த வலியை அனுபவித்தவர் ஆசிரியை ஜேன் கவுசிக். உத்தரபிரதேசத்தில் ஒரு பள்ளி, குஜராத்தில் ஒரு பள்ளி. இரண்டு இடத்திலும் திருநங்கை என்பதால் வேலை போனதாக வழக்கு. 2025 அக்டோபர் 17-ந் தேதி நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். சட்டம் போட்ட அரசுகளே அதை நிறைவேற்றாமல் தூங்குகின்றன என்று கண்டித்தார்கள்.

தமிழக ஒதுக்கீடு விவகாரமும் முடிந்தபாடு இல்லை. 2015-ல் திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த திருநங்கைக்கு அதனால் என்ன லாபம்? பாலினத்தைச் சாதியாகக் கருதியது சரியல்ல, தனியாக 1 சதவீதம் ஒதுக்குங்கள் என்று 2024 ஜூனில் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கர்நாடகம் 2021-லேயே 1 சதவீதம் கொடுத்து விட்டது.

ஜேன் கவுசிக் வழக்கில், வேலையில் சம வாய்ப்புக்கான கொள்கையை எழுத சுப்ரீம் கோர்ட்டு ஒரு குழு அமைத்தது. தலைவர், டெல்லி ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி ஆஷா மேனன். உறுப்பினர்களில் ஒருவர் கிரேஸ் பானு. தூத்துக்குடிக்காரர். என்ஜினீயர். தனி ஒதுக்கீட்டுக்காக வருடக்கணக்கில் கோர்ட்டு ஏறி இறங்கும் திருநங்கை.